கொங்கணக் கரையில் வழிப்போக்கரும் சத்திரங்களும்

வெளியூருக்குப் புறப்படும் எவரும் முதலில் கேட்கும் கேள்விகள் மூன்று. தங்குவதற்கு இடம் உண்டா? உண்பதற்கு உணவு கிடைக்குமா? காண்பதற்கு என்ன இருக்கிறது? விடுமுறை நாளில் கடற்கரைக்குச் செல்ல விரும்பும் குடும்பத்தினர் இம்மூன்றையும் கேட்கின்றனர். பிழைப்பைத் தேடி ஊரை விட்டுப் புறப்படும் இளைஞனோ முதல் இரண்டை மட்டுமே கேட்கின்றான். அம்பர்நாத், செம்பூர், மாட்டுங்கா, தாராவி ஆகிய இடங்களில் வாழும் தமிழ் மக்களுள் பலருடைய குடும்ப வரலாறு, அவ்விரு கேள்விகளுக்கும் கிடைத்த விடையிலிருந்தே தொடங்குகிறது. அக்கேள்விகளுக்குக் கொங்கணக் கரை முற்காலத்தில் எவ்வாறு விடை கூறிற்று? கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் துணையாகக் கொண்டு அதனைச் சிறிது காண்போம்.

மேற்கே கடல், கிழக்கே சஹ்யாத்ரி மலை; இடையே ஒடுங்கிய நிலம். இதுவே கொங்கணம். மலையில் பிறக்கும் ஆறுகள் நெடுந்தொலைவு ஓடாமல் விரைந்து வந்து கடலில் கலக்கின்றன. கடல் நீரும் கழிகளின் வழியே நிலத்துக்குள் நெடுந்தூரம் புகுந்து நிற்கிறது. பாலங்கள் இல்லாத காலத்தில், கரையோரமாக நடந்து செல்வோன் ஒரு நாளில் ஓர் ஆற்றையேனும் கடக்க வேண்டியிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையில் அதுவும் இயலாது. ஆகவே இங்கு வழிப்போக்கனுக்கு மூன்று பொருள்கள் இன்றியமையாதவை: ஓடம், கூரை, சோறு.

இம்மூன்றையும் அறமாக வழங்கிய ஒருவனைப் பற்றிய செய்தி, நாசிக் நகரை அடுத்த பாண்டவ லேணி என்னும் மலைக்குகைகளில் பொறிக்கப்பட்டுள்ளது. அவன் பெயர் உஷவதாதன். க்ஷத்திரப மன்னனாகிய நகபானனின் மருமகன். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். பத்தாம் குகையிலுள்ள கல்வெட்டு அவனுடைய அறச்செயல்களை வரிசையாகக் கூறுகிறது. பரூச் என இன்று வழங்கும் பருகச்சம், தசபுரம், கோவர்த்தனம், சூர்ப்பாரகம் ஆகிய நான்கு ஊர்களில் நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த தங்குமனைகளை அவன் அமைத்தான். குளங்களும் கிணறுகளும் தோண்டுவித்தான். தாபி, தமணை, தாஹாணுகா முதலிய ஆறு ஆறுகளில் கூலி வாங்காமல் மக்களைக் கரையேற்றும் ஓடங்களை விட்டான். அவ்வாறுகளின் இரு கரைகளிலும் நம் நாட்டுச் சாவடியையும் தண்ணீர்ப் பந்தலையும் ஒத்த இடங்களை ஏற்படுத்தினான். சூர்ப்பாரகம் என்பது நாலாசோபாரா ரயில் நிலையத்துக்கு அண்மையிலுள்ள சோபாரா. தாஹாணுகா இன்றைய டஹாணு.

இவ்வறங்கள் ஒருநாள் ஈகையாக முடிந்துவிடாதபடி அவன் செய்த ஏற்பாடும் அறியத்தக்கது. தன் குகையில் மழைக்காலத்தைக் கழிக்கும் 20 துறவியருக்கு ஆளுக்கு 12 கார்ஷாபணம் ஆடைக்கென வழங்க எண்ணினான். அதற்காக 2,000 கார்ஷாபணத்தைக் கோவர்த்தனத்து நெசவாளர் குழுவிடம், மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்னும் வட்டியில் வைப்பாக வைத்தான். ஆண்டு வட்டி 240. இருபது பேருக்குப் பன்னிரண்டு வீதம் பங்கிட்டால் சரியாக அமைகிறது. முதலைத் தொடாமல் வட்டியை மட்டுமே துய்க்க வேண்டும் என்பதும் அங்கே எழுதப்பட்டுள்ளது. மற்றோர் அறத்துக்காக ஒரு கிராமத்தில் 32,000 தென்னைகளை அவன் அளித்ததாகவும் அதே குகைக் கல்வெட்டுகளால் அறிகிறோம்.

இனி, இந்த உஷவதாதன் யார்? கல்வெட்டு அவனைச் சகன் என்று குறிக்கிறது. சகர் மத்திய ஆசியாவிலிருந்து வந்து இந்நாட்டில் குடியேறிய இனத்தார். ஆம், கொங்கணக் கரையில் சத்திரம் கட்டியதாக நாம் பெயர் சொல்லி அறியும் மிகப் பழைய கொடையாளருள் ஒருவன், வெளியிலிருந்து வந்த குலத்தைச் சேர்ந்தவனே!

நகபானனின் ஆட்சி நிலைக்கவில்லை. சாதவாகன மன்னன் கௌதமீபுத்திர சாதகர்ணி அவனை வென்றான். வென்றவன் முன்னவரின் அறங்களை அழித்தானா என்றால், இல்லை. உஷவதாதன் வசமிருந்த 200 நிவர்த்தன நிலத்தை அதே மலையில் வாழ்ந்த துறவியருக்கு அவன் வழங்கியதை மூன்றாம் குகையின் கல்வெட்டு தெரிவிக்கிறது. கொடி மாறியது, அறம் மாறவில்லை.

எனினும், கதவு அடைக்கப்பட்ட காலமும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளுஸ் என்னும் கடல்வழி நூல், அம்பர்நாத்தை அடுத்த கல்யாணைப் பற்றிப் பேசுகிறது. முன்னர் முறையான வணிகத் துறையாக இருந்த அவ்வூர், அரசியல் பகையால் தடைப்பட்டதென்றும், அங்கே ஒதுங்கும் கிரேக்கக் கப்பல்கள் காவலுடன் பருகச்சத்துக்குக் கொண்டு செல்லப்படலாம் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது. வந்தவரை ஐயத்துடன் நோக்கும் துறைக்கு மீண்டும் வர எந்த மாலுமி துணிவான்?

இவ்வாறு எண்ணூறு ஆண்டுகள் கடந்தன. கி.பி. 926ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்பேடு ஒன்று, டஹாணுவை அடுத்த சிஞ்சணியில் கண்டெடுக்கப்பட்டது. அது ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் இந்திரனின் காலத்தது. அப்பொழுது சம்யானம் எனப்பட்ட சஞ்சான் பகுதியை ஆண்ட தலைவனின் பெயரை மதுமதி என்று அது கூறுகிறது. முகம்மது என்னும் பெயரே வடமொழியில் மதுமதி ஆயிற்று. அவன் தாஜிகர் குலத்தவன். அஃதாவது அரபு நாட்டு வழியினன். இரண்டாம் கிருஷ்ணன் அவனுக்கு அப்பகுதியின் ஆட்சியை அளித்திருந்தான்.

அந்த அரபுத் தலைவன் செய்தவை யாவை? இரண்டு ஆறுகளில் கூலியில்லா ஓடங்களை ஏற்படுத்தினான். சம்யானத்தில் ஒரு சத்திரம் அமைத்து, நெல்லரிசிச் சோறும் கறியும் நெய்யும் விலையின்றி வழங்கினான். சத்திரம் என நாம் வழங்கும் சொல்லின் மூலமாகிய சத்ரம் என்னும் சொல்லே அச்செப்பேட்டிலும் காணப்படுகிறது. அவ்வூரில் பகவதிக்காக ஒரு பிராமணர் கட்டிய மடத்துக்கு அவன் ஆட்சியில் நிலம் விடப்பட்டதைப் பதிவு செய்வதே அச்செப்பேட்டின் நோக்கம். மன்னன் கன்னட நாட்டுப் பேரரசின் தலைவன், ஆள்வோன் அரபு வழியினன், மடம் அம்மனுடையது. உண்ண வந்தவனின் ஊரையோ குலத்தையோ கேட்டிருந்தால் இவ்வளவும் ஒரே செப்பேட்டில் கூடியிருக்குமா? பாரசீகத்திலிருந்து வந்த பார்சி மக்கள் முதலில் கரையேறிய இடமும் இந்தச் சஞ்சானே என்பது அவர்களுடைய மரபு.

அம்பர்நாத் வாழ் அன்பர்கள் நன்கறிந்த சிவன் கோயிலும் இவ்வரலாற்றோடு தொடர்புடையது. அதனை எழுப்பியவர் வட கொங்கணத்தை ஆண்ட சிலாஹாரர். அவர்கள் தம்மைத் தகரபுரத்தின் தலைவர் என்று அழைத்துக்கொண்டனர். தகரம் என்பது மலைக்கு அப்பால் உள்ள தேர் என்னும் ஊர். ஆகவே தம் முன்னோர் ஊர் இதுவன்று என்பதை அவர்களே பெருமையுடன் பறைசாற்றினர். அக்குலத்தில் வந்த ஜஞ்ஜன் காலத்தில், 916ஆம் ஆண்டளவில், மசூதி என்னும் அரபு அறிஞர் சைமூர் துறைமுகத்துக்கு வந்தார். சைமூர் என்பது மும்பைக்குத் தெற்கேயுள்ள சௌல். ஓமன், பஸ்ரா, பாக்தாத் முதலிய இடங்களைச் சேர்ந்தோர் உட்பட ஏறத்தாழப் பதினாயிரம் முஸ்லிம்கள் அங்கே குடியேறியிருந்தனர் என்றும், அவர்களுடைய வழக்குகளைத் தீர்க்க அவர்களுள் ஒருவரையே மன்னன் தலைவராக நியமித்திருந்தான் என்றும் அவர் எழுதினார். அதே குலத்து மும்முணி மன்னன் காலத்தில், 1060ஆம் ஆண்டில், அம்பர்நாத் கோயில் எழுந்தது. கோயில் கல்வெட்டு சக ஆண்டு 982 என அதனைக் குறிக்கிறது.

பழங்காலம் இவ்வாறிருக்க, நம்மவர் வந்த வழியையும் நோக்குவோம். 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணேக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. மறு ஆண்டே பாதை கல்யாணை எட்டியது. 1871இல் பம்பாய்ப் பாதையும் சென்னைப் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. அன்று முதல் தென்னாட்டிலிருந்து புனே வழியாக வந்த வண்டிகள் அம்பர்நாத்தைக் கடந்தே பம்பாயை அடைந்தன. திருநெல்வேலிச் சீமையினர் தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தனர். எழுத்தும் கணக்கும் கற்றோர் அலுவலகங்களை நாடினர். 1896இன் பிளேக் நோய்க்குப் பின் நகரச் சீரமைப்புக் கழகம் வகுத்த மாட்டுங்காவில் அவர்களுள் பலர் குடியேறினர்.

அவர்களுக்குச் சத்திரம் அமைத்தவர் மன்னர் அல்லர். ஒரே ஊரார் பலர் கூடிச் சேர்ந்து பிடித்த அறையே சத்திரம். மெஸ் என்னும் சாப்பாட்டு இல்லமே அன்னசாலை. மாட்டுங்காவில் 1939இல் ராம் ஆஸ்ரயா தொடங்கியது. 1940இல் கஃபே மதராஸ் எழுந்தது. 1942இல், உடுப்பிப் பக்கத்திலிருந்து இளமையில் வேலை தேடி வந்த ஏ. ராமா நாயக், ரயில் நிலையத்துக்கு எதிரே உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கைத் தொடங்கி வாழையிலையில் சோறு பரிமாறினார். மதராஸ் என்று பெயர் தாங்கிய உணவகத்தை நடத்தியவர் உடுப்பிப் பக்கத்தார். உண்டவர் தமிழர், மலையாளிகள், கன்னடர், தெலுங்கர். தாராவியிலோ, விடியுமுன் இட்லி அவித்துத் தெருத்தெருவாகக் கொண்டு சென்று விற்ற தமிழ்க் குடும்பங்கள், நகரத்துத் தொழிலாளரின் காலைப் பசியைத் தீர்த்தன, இன்றும் தீர்க்கின்றன.

இதே காலத்தில் அம்பர்நாத்தின் அண்டையிலும் ஒரு பெருங்குடியேற்றம் நிகழ்ந்தது. 1947இல் நாடு பிரிந்தபோது சிந்து மாநிலத்திலிருந்து அகதிகளாய் வந்தோர், போர்க்காலப் படைமுகாம் ஒன்றில் தங்க வைக்கப்பட்டனர். அம்முகாமே உல்லாஸ்நகர் ஆயிற்று. 1949 ஆகஸ்டு 8ஆம் நாள் அந்நகருக்கு அடிக்கல் நாட்டியவர், அன்றைய கவர்னர் ஜெனரலாகிய ராஜாஜி. வீடிழந்து வந்த சிந்தியருக்கு மராத்தி மண்ணில் எழுந்த நகரின் முதற்கல், ஒரு தமிழரின் கையால் நாட்டப்பட்டது.

இவ்வரலாறு முற்றிலும் இனிய வரலாறு என்று சொல்வதற்கில்லை. 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியரை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் உணவகங்கள் தாக்கப்பட்டன. பிற்காலத்தில் வேறு மாநிலத்தாருக்கு எதிராகவும் அத்தகைய குரல்கள் எழுந்தன. மண்ணின் மக்களுக்கு வேலை வேண்டும் என்னும் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் வந்தவன் ஊருக்குச் சுமை என்னும் முடிவு இக்கரையின் வரலாற்றுக்கு ஒவ்வாது. சகனும் அரபியனும் பார்சியும் சிந்தியும் தென்னவரும் இங்கே விருந்தினராய் வந்து, பின்பு விருந்தோம்புவோராய் மாறினர். அதே நீதி நமக்கும் பொருந்தும். இன்று வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்து இறங்கும் இளைஞனுக்கு வாடகை அறை தர மறுக்கும் வீட்டுக்காரர் தமிழராயிருப்பின், அவர் தம் பாட்டனார் பம்பாயில் இறங்கிய நாளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்விடங்களை நேரில் காண விரும்புவோர்க்குச் சில சொற்கள். அம்பர்நாத் கோயிலைக் காண ஒரு காலைப்பொழுது போதும். மேற்கு நோக்கிய வாயில். கருவறையோ தரைமட்டத்துக்குக் கீழே. படிகளில் இறங்கியே இறைவனைக் காண வேண்டும். மேலே விமானம் முடிவுறாமையால் வானம் தெரியும். மகா சிவராத்திரியன்று பெருங்கூட்டம் கூடும். சிற்பங்களை அமைதியாகக் காண விரும்புவோர் வேறு நாளில் செல்வது நன்று. சோபாராவில் 1882இல் அகழ்ந்தறியப்பட்ட பௌத்தத் தூபியின் எச்சம் உள்ளது. அவ்வூரில் கிடைத்த அசோகன் கல்வெட்டுத் துண்டை மும்பை அருங்காட்சியகத்தில் காணலாம். போகும் வழியில் மாட்டுங்காவில் இறங்கி உணவு கொள்ளலாம்.

இரண்டு நாள் ஒழிவுடையோர் மேற்கு ரயில் பாதையில் டஹாணு செல்க. 2014இல் அமைந்த பால்கர் மாவட்டத்தில் உள்ள அவ்வூரிலும், அடுத்த போர்டியிலும் சப்போட்டாத் தோப்புகளிடையே தங்கும் விடுதிகள் உண்டு. அவற்றுள் சில பார்சி, ஈரானியக் குடும்பங்களால் நடத்தப்படுபவை. சிஞ்சணிக் கடற்கரை அண்மையில் உள்ளது. சற்று வடக்கே, குஜராத்தைச் சேர்ந்த சஞ்சானில், பார்சியர் வருகையை நினைவூட்டும் தூண் நிற்கிறது. அது 1920இல் நாட்டப்பட்டது. மதுமதியின் சத்திரத்தைக் குறிக்கத் தூண் ஏதும் இல்லை. ஆனால் டஹாணுவின் கழிமுகத்தில் நிற்கும்போது, அங்கே கூலி வாங்காமல் மக்களைக் கரை சேர்த்த ஓடங்களைத் தம் மக்களுக்குச் சொல்லிக் காட்டுதல் பெற்றோர் கடமை. நாசிக் செல்வோர், பத்தாம் குகையின் வாயிலில் சிறிது நேரம் நின்று, அவ்வெழுத்துகளைக் கண்டு வருவாராக.