சோரோ விடுதிப் பள்ளியும் ஹோல்பெர்க் விட்டுச்சென்ற நிலமும்



தாயகத்தில் தாம் பயின்ற பள்ளிக்குப் பெற்றோர் நினைவாகக் கல்வி நிதியம் ஒன்றை நிறுவ விரும்புவோர் உங்களுள் பலர். அந்த நல்ல எண்ணம் உள்ளோர்க்கு, நாம் வாழும் இந்த டென்மார்க் மண்ணிலிருந்தே ஒரு பழைய வரலாற்றைச் சொல்ல விழைகிறேன்.

கோப்பன்ஹேகனுக்குத் தென்மேற்கே, ஏரிக்கரையில் அமைந்துள்ளது சோரோ. ஆயர் அப்சலோனின் அழைப்பை ஏற்று 1161இல் சிஸ்டர்சியன் துறவிகள் இங்கு வந்தனர். அவர்களுக்கு நிலங்கள் கொடையாகக் குவிந்தன. 1536இல் சீர்திருத்தத் திருச்சபை அரச சமயமானபின் மடத்து உடைமைகள் அரசுக்குச் சென்றன. எனினும் இரண்டாம் பிரெடெரிக் மன்னர் 1586இல் அவ்விடத்தில் ஒரு விடுதிப் பள்ளியை நிறுவினார். உயர்குடியினர் 30 பேர், எளிய குடியினர் 30 பேர் என இருசாராரும் அங்கு கட்டணமின்றித் தங்கிப் பயில வழி செய்தார். நிலத்தின் வருவாயே அவர்களைத் தாங்கிற்று.

அவர் மகன் நான்காம் கிறிஸ்டியன் 1623இல் அங்கேயே உயர்குடி இளைஞர்க்கென ஒரு கலைக்கழகத்தைத் தொடங்கினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் தரங்கம்பாடியில் டெனிஷ் கொடியை ஏற்றச் செய்தவரும் இவரே. சுவீடனுடன் நடந்த போர்களால் நாடு வறுமையுற, 1665இல் கலைக்கழகம் மூடப்பட்டது.

அதனை மீண்டும் எழுப்பியவர்களுள் முதன்மையானவர் லுட்விக் ஹோல்பெர்க். நாடகாசிரியர், வரலாற்றுப் பேராசிரியர், மணம் செய்யாதவர். நூல்களாலும் சிக்கனத்தாலும் சேர்த்த பொருளில் பண்ணைகள் வாங்கினார். அவற்றைச் சோரோவுக்கு உரித்தாக்க ஒப்புக்கொண்டபோது, 1747இல் அரசர் அவருக்குப் பாரன் பட்டமும், பண்ணைகளுக்கு வரிவிலக்கும் அளித்தார். ஆகவே கொடையாளருக்கும் ஆதாயம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. 1754இல் அவர் மறைந்தார். பழைய மடாலயக் கோவிலில், அப்சலோன் துயிலும் அதே கூரையின்கீழ் அடக்கம் செய்யப்பட்டார்.

அக்கொடையால் புதிய கல்வி பிறந்தது. குதிரையேற்றமும் வாட்பயிற்சியும் மட்டுமன்றி, சட்டம், அரசியல், வரலாறு, வாழும் மொழிகள் ஆகியனவும் அங்கு கற்பிக்கப்பட்டன. 1751இல் பேராசிரியராக வந்த ஸ்னேடோர்ப், பின்னாளில் டெனிஷ் மொழியிலேயே பொதுமக்களுக்கான இதழ் நடத்தினார்.

ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அந்நாளில் டெனிஷ் உழவர் மக்கள் சுதந்திரர் அல்லர். 1733ஆம் ஆண்டுச் சட்டம் உழவர் குடியின் ஆண்களை அவர்கள் பிறந்த பண்ணையோடு பிணைத்தது. அது 1788இல்தான் நீக்கப்பட்டது. பண்ணை வருவாயை உழைத்துத் தந்தவர் அவர்களே; அவ்வருவாயால் கற்றவர்களோ உயர்குடிப் பிள்ளைகள். 1586இல் எளியவர்க்குத் திறந்திருந்த கதவு, இந்தப் பெரும் கொடையால் திறக்கவில்லை.

1813இல் தீ பெருங்கட்டடத்தை விழுங்கிற்று. 1827இல் புதியது எழுந்தது. பின்னர் கலைக்கழகமும் மறைந்தது. நிலமும் காடும் நிலைத்தன. அவற்றின் நிறுவனம் இன்றும் உள்ளது. விடுதிப் பள்ளியும் தொடர்கிறது. இன்று ஆண், பெண் இருபாலாரும் அங்கு பயில்கின்றனர். கட்டடம் எரியக்கூடும், பாடத்திட்டம் மாறக்கூடும். செவ்வனே எழுதப்பட்ட அறக்கொடை அவற்றையும் கடந்து வாழும்.

ஆதலால் நிதியம் தொடங்குவோரே, உறுதிப் பத்திரத்தில் உங்கள் தாய் தந்தையர் பெயரைப் பொறிக்குமுன், யாருடைய பிள்ளை அதனால் படிக்கப் போகிறது என்பதைத் தெளிவாய் எழுதுங்கள். ஊரில் பள்ளிக்கு விறகு சுமந்தவளின் பேத்தியும், விடுதியில் சமைத்தவரின் மகனும் அந்த வரிக்குள் அடங்குகிறார்களா என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பின்பு கையொப்பமிடுங்கள்.