மலையகத் தோட்டங்களில் றக்பி

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் றக்பி ஆட்டம் வேரூன்றியது தோட்ட நிர்வாகிகளான துரைமாரின் கிளப்புகள் வழியாக. நுவரெலியா மாவட்டத்தில் அதற்கு இரண்டு முக்கியக் களங்கள் இருந்தன. நானுஓயாவை அடுத்த ரதெல்லயில் டிம்புள்ள கழகம் ஆடியது. ஹட்டனுக்கு அருகே தரவளையில் டிக்கோயா கழகம் ஆடியது. ஊவாவிலும் களனிவெளியிலும் இதே போன்ற கழகங்கள் இருந்தன.

தீவில் இந்த ஆட்டம் 1879இல் கொழும்பில் தொடங்கியது. கண்டியின் கிங்ஸ்வூட், திரித்துவக் கல்லூரிகள் 1906இல் பாடசாலைகளுக்கிடையிலான முதல் போட்டியை ஆடின. 1908இல் தேசியச் சங்கம் அமைந்தது. மலைநாட்டு அணியும் கீழ்நாட்டு அணியும் மோதிய கிளிஃபர்ட் கிண்ணம், 1950 முதல் கழகங்களுக்கான போட்டியாயிற்று. நன்றாக ஆடும் இளைஞனுக்குச் சின்னத்துரை (உதவி நிர்வாகி) வேலை கிடைப்பது சுலபம் என்பது அன்று தோட்டத்துறையில் எல்லோரும் அறிந்த சங்கதி.

அன்று ஆட்டக்காலம் தென்மேல் பருவமழையோடு வந்ததால் டிக்கோயா பக்கத்தில் முன்வரிசை வீரர்களுக்கே வேலை அதிகம். முன்வரிசையினர் எட்டுப் பேர் மூன்று அடுக்காகக் குனிந்து, தோளோடு தோள் பிணைந்து, எதிரணியின் எட்டுப் பேரைத் தள்ளுவதே ஸ்க்ரம். முதல் அடுக்கின் நடுவில் நிற்பவர் இரு பக்கத்தாரின் தோளில் கை போட்டுத் தொங்கியபடி காலால் பந்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சேறான தரையில் பூட்ஸ் வழுக்கும், பந்து கைக்கு நிற்காது. ஓட்டக்காரரைவிட உடல் கனத்தவருக்கே அங்கு மதிப்பு.

தோட்டங்களில் ஆடப்பட்டது பதினைந்து பேர் ஆடும் யூனியன் வகை. பதின்மூன்று பேர் ஆடும் லீக் வகை பிறந்த கதை தோட்டத்தோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த வீரர்கள், ஆடப் போனதால் இழந்த கூலிக்கு ஈடு கேட்டார்கள். இங்கிலாந்தின் றக்பி சங்கம் மறுத்தது. 1895இல் கழகங்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்து போயின. அப்படிக் கூலி இழப்பைக் கேட்க வேண்டிய நிலையில் இல்லாதவர்களின் ஆட்டமே மலைநாட்டுக்கு வந்தது. ஒரு நாள் வேலைக்கான பேர் விழுந்தால்தான் சம்பளம், கொழுந்து குறைந்தால் அரைப்பேர் என்றிருந்த தொழிலாளர் குடியிருப்பான லயத்து இளைஞனுக்கு அதில் இடமிருக்க நியாயமில்லை.

சர்வதேச ஆட்டத்தில் துரைமாருக்கும் லயத்தாருக்கும் இடையிலான இந்த இடைவெளி இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தை முடித்துத் திரும்பிய பிரித்தானிய லயன்ஸ் அணி 1950 செப்டம்பரில் கொழும்பில் இறங்கி, இலங்கையை 44–6 என வென்றது. 1955இல் நியூசிலாந்தின் இளையோர் அணி வந்தது; பின்னாளில் 55 டெஸ்ட் ஆடி உலகின் தலைசிறந்த முன்வரிசை வீரர்களுள் ஒருவராகப் பேசப்பட்ட கொலின் மீட்ஸ் அதில் இருந்தார். அக்காலத்தில் தீவில் வேலை பார்த்த ஐரோப்பியர் இலங்கைக்காக ஆடலாம். ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தமிழரான தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராகியிருந்தனர். அந்த நாடற்ற நிலை முழுமையாகத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை ஆயிற்று.

தமிழர் எவரும் தேசிய அணியில் உயரவில்லை என்பதல்ல. 1974இல் கொழும்பில் நடந்த ஆசியப் போட்டியில் இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் இந்திரஜித் குமாரசுவாமி. பின்னர், 2016 முதல் 2019 வரை, மத்திய வங்கி ஆளுநராக இருந்தவரும் இவரே. ஆனால் அவர் வந்த வழி கொழும்பு ரோயல் கல்லூரி, ஹாரோ, கேம்பிரிட்ஜ். லயமும், தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களமும் அல்ல.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஏற்கெனவே குறைந்துவந்த வெள்ளைக்காரத் துரைமார் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டனர். அவர்கள் இடத்துக்கு வந்த உள்நாட்டுத் துரைமார் கிளப்புகளை நடத்தினாலும், மலைநாட்டு றக்பியின் மையம் கண்டி விளையாட்டுக் கழகத்துக்கு மாறியது. அக்கழகம் 1992இல் முதன்முறை கழகங்களுக்கிடையிலான லீக் தொடரின் பட்டம் வென்று, பின்னர் தொடர்ந்து ஆதிக்கம் செலுத்தியது. ரதெல்ல மைதானத்தை இன்று பலரும் அறிவது கிரிக்கெட்டால்.