தந்தையின் முகமும் கடவுளின் முகமும்: மார்ட்டின் லூதரின் மனப்போராட்டம்



கொன்றைவேந்தனைத் தமிழ்ப்பள்ளியின் தொடக்க வகுப்புகளிலேயே நாம் கற்பித்து விடுகிறோம். பெற்றோரே பிள்ளை கண்டறியும் முதல் தெய்வம் என்னும் கருத்தோடு அந்நூல் தொடங்குகிறது. இதனைப் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு உரிய கடமையாகவே விளக்குகிறோம். ஆனால், அதே கருத்தில் பெற்றோருக்கு உரிய ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. பிள்ளை காணும் முதல் தெய்வம் தந்தை என்றால், பின்னாளில் அப்பிள்ளை மனத்தில் வடித்துக்கொள்ளும் கடவுளுக்கும் அந்தத் தந்தையின் முகமே அமைந்துவிடக்கூடும் அல்லவா? அம்முகம் எந்நேரமும் சினந்த முகமாக இருந்தால் என்ன ஆகும்?

இவ்வினாவை எண்ணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் செருமானிய சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் (1483–1546). பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517ஆம் ஆண்டில் 95 கருத்துரைகளை வெளியிட்டவர் என்ற ஒரே வரியில் வரலாற்றுப் பாடம் அவரை முடித்துவிடும். அவ்வரிக்குப் பின்னால், கண்டிப்பான தந்தை ஒருவரும், நெடுங்காலம் மனத்துயரில் உழன்ற மகன் ஒருவரும் இருக்கிறார்கள்.

சுரங்கத் தொழிலாளியின் கனவு

லூதரின் தந்தை ஹான்ஸ் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1484இல் மனைவி மகனோடு மான்ஸ்ஃபெல்டு நகருக்குக் குடிபெயர்ந்து செப்புச் சுரங்கத் தொழிலில் இறங்கினார். கடும் உழைப்பால் உருக்காலை நடத்தும் நிலைக்கு உயர்ந்தார். தம் மகன் சட்டம் பயின்று உயர்ந்த பதவியில் அமர வேண்டும் என்பதே அவருடைய கனவு. நம் தோட்டப்புறங்களில் பால்மரம் சீவிய தந்தையர் பலர் தம் பிள்ளைகளுக்காகக் கண்ட கனவும் இத்தகையதுதானே!

அக்கனவைச் சுமந்த கை கடுமையான கையாக இருந்தது. லூதர் பிற்காலத்தில் உணவு வேளையில் பேசியவற்றை அவருடைய மாணவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். அக்குறிப்புகளில் இளமைக்கால நினைவுகள் சில உள்ளன. தந்தை ஒருமுறை அடித்த அடியில் தாம் அவரைவிட்டு ஓடியதாகவும், தந்தையே தம்மை மெல்ல மெல்ல அணைத்துக்கொள்ளும் வரை அந்தக் கசப்பு தீரவில்லை என்றும் லூதர் கூறியுள்ளார். ஒரு கொட்டைக்காகத் தாய் குருதி வரும்படி அடித்ததையும் அவர் மறக்கவில்லை. பள்ளியிலோ, தமக்குக் கற்பிக்கப்படாத இலத்தீன் இலக்கணத்தைச் சொல்லத் தெரியாததால் ஒரே காலையில் 15 முறை அடி வாங்கினாராம்.

பெற்றோர் தம் நன்மையை எண்ணியே அவ்வாறு செய்தார்கள் என்பதையும் லூதர் ஒப்புக்கொள்கிறார். ஆயினும், அந்தக் கண்டிப்பே தம்மை அச்சம் நிறைந்தவராக ஆக்கித் துறவுமடத்திற்கு விரட்டியது என்று வெளிப்படையாகவே கூறியுள்ளார்.

1505இல் எர்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் லூதர் முதுகலைப் பட்டம் பெற்றார். செருமானிய மொழியிலும் நம் மொழியைப் போலவே ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் இரு சொற்கள் உண்டு. பட்டம் பெற்ற மகனைத் தந்தை அன்றுமுதல் ‘நீங்கள்’ என்று அழைக்கலானார். விலையுயர்ந்த சட்ட நூலையும் வாங்கித் தந்தார். ஆனால், அவ்வாண்டு சூலை 2ஆம் நாள், ஸ்டாட்டர்ன்ஹைம் என்னும் சிற்றூரின் அருகே லூதர் நடந்து வரும்போது இடி மின்னல் தாக்கிற்று. சாவச்சத்தில், சுரங்கத் தொழிலாளர்கள் போற்றும் புனித அன்னாளை அழைத்து, தாம் துறவியாவதாக நேர்ந்துகொண்டார். 15 நாள்களில் அகஸ்தீனார் மடத்தில் சேர்ந்தும் விட்டார். கனவு சிதைந்த தந்தை மீண்டும் ‘நீ’ என்றே அழைக்கத் தொடங்கினார்.

அச்சமே வழிபாடான காலம்

மடத்திற்குள் லூதர் அமைதி காணவில்லை. நோன்பிருந்தார், கண்விழித்து இறைவேண்டல் செய்தார், குளிரில் தம் உடலை வருத்தினார். பாவ அறிக்கை செய்யப் போனால் சில வேளைகளில் ஆறு மணி நேரம் வரை நீளும். எவ்வளவு செய்தாலும் கடவுள் தம்மை வெறுக்கிறார் என்ற எண்ணம் விலகவில்லை. கிறிஸ்துவைக் கூட அவர் தண்டிக்க வரும் நீதிபதியாகவே கண்டார். இந்த மனப்போராட்டத்தை அவர் ‘அன்ஃபெக்டுங்’ என்னும் செருமானியச் சொல்லால் குறித்தார். உள்ளத்தின்மேல் வரும் தாக்குதல், சோதனை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இன்றைய மருத்துவப் பெயர் ஒன்றை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்மீது ஒட்டுவது முறையன்று. ஆயினும், அவர் விவரிக்கும் வியர்வையும் நடுக்கமும் நம்பிக்கையின்மையும் இன்று மனவுளைச்சலில் வாடுவோர் நன்கறிந்தவையே.

1507இல் அவர் குருவாகத் தம் முதல் திருப்பலியை நிறைவேற்றியபோது, பேரிறைவனோடு தாம் எப்படிப் பேசுவது என்று திகைத்து, பலிபீடத்தை விட்டே ஓடிவிட எண்ணினார். அந்நிகழ்ச்சிக்குத் தந்தை ஹான்ஸ் 20 குதிரைவீரர்களோடு வந்து, மடத்திற்கு 20 கில்டன் நாணயங்களும் வழங்கினார். சினம் தணிந்துவிட்டதென்று எண்ணிய மகன், துறவு வாழ்வை ஏன் எதிர்த்தீர்கள் என்று பந்தியில் கேட்டார். தாய் தந்தையரை மதிக்க வேண்டும் என்ற கட்டளையைப் படித்ததில்லையா என்று தந்தை எல்லார் முன்னிலையிலும் திருப்பிக் கேட்டார். அவ்வினா லூதரின் உள்ளத்தில் ஆண்டுக்கணக்கில் தைத்து நின்றது.

எரிக் எரிக்சன் என்னும் உளவியலாளர் 1958இல் இளைய லூதரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தந்தையோடு நிகழ்ந்த போராட்டமே சமயப் போராட்டமாக வளர்ந்தது என்பது அவர் கருத்து. சில நினைவுக் குறிப்புகளை வைத்து அவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாகாது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் மறுத்தனர். அக்காலத்தில் பிள்ளைகளை அடிப்பது எங்கும் உள்ள வழக்கமே என்பதும் உண்மை. ஒன்றை மட்டும் நாம் ஐயமின்றிக் கூறலாம்: லூதர் அஞ்சிய கடவுளும் லூதர் அஞ்சிய தந்தையும் ஒரே குரலில்தான் பேசினார்கள்.

இரண்டாம் தந்தை

அக்குரலை மாற்றியவர் ஸ்டாப்பிட்ஸ் என்னும் மூத்த துறவி. லூதரின் சபைக்குத் தலைவராக இருந்தவர். அவர் லூதரை ஏசவில்லை. அற்பக் குறைகளையெல்லாம் பாவமென்று சுமந்து திரியாதே என்று உரிமையோடு கண்டித்தார். தண்டிக்கும் நீதிபதியைத் தேடாமல், உனக்காகக் காயமுற்ற கிறிஸ்துவைப் பார் என்றார். அதற்கும் மேலாக, பொறுப்பான பணி ஒன்றைக் கொடுத்தார். அவருடைய தூண்டுதலால் லூதர் 1512இல் முனைவர் பட்டம் பெற்று, விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் திருமறைப் பேராசிரியர் ஆனார்.

மாணவர்களுக்காகச் சங்கீதங்களையும், 1515 முதல் உரோமையருக்கு எழுதப்பட்ட மடலையும் விளக்கத் தொடங்கியவருக்கு ஒரு புதிய வாயில் திறந்தது. கடவுளின் நீதி என்ற சொல்லையே தாம் ஒருகாலத்தில் வெறுத்ததாக 1545இல் எழுதினார். அந்நீதி பாவியைத் தண்டிக்கும் கோல் என்றே அவர் எண்ணியிருந்தார். நம்பிக்கையோடு வருவோர்க்குக் கடவுள் இலவசமாக அளிக்கும் கொடையே அந்நீதி என்று உணர்ந்தபோது, தாம் மறுபடியும் பிறந்தது போலவும் விண்ணகக் கதவுகள் திறந்தது போலவும் இருந்தது என்கிறார். பிழையின்றி நடந்தால்தான் தந்தை ஏற்பார் என்ற நிலை மாறி, தந்தை ஏற்றுக்கொண்டார் என்பதாலேயே பிள்ளை நிமிர்ந்து நடக்கலாம் என்ற நிலை பிறந்தது.

1521 நவம்பரில், துறவு நேர்ச்சைகளைப் பற்றிய தம் நூலை லூதர் தந்தைக்கே உரிமையாக்கி மடல் எழுதினார். தந்தையின் விருப்பத்தை மீறியது தவறு என்று அதில் ஏற்றுக்கொண்டார். ஆனால், தம்மை விடுவித்தவர் தந்தையல்லர், கடவுளே என்றும் பணிவோடு கூறினார். 1525இல் காத்தரினாவை மணந்தபோது தந்தையும் தாயும் விருந்துக்கு வந்து மகிழ்ந்தனர்.

மீண்டும் வந்த இருள்

நம்பிக்கை கிடைத்தது, நோய் அடியோடு ஒழிந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 1527 சூலையில் லூதர் மயங்கி விழுந்தார். அதன்பின் பல மாதங்கள் மனம் இருண்டு கிடந்தார். நகரில் கொள்ளைநோய் பரவிய நேரம் அது. அப்போது நண்பர் பூகன்ஹாகன் அவருக்கு ஆறுதல் சொல்லி உடனிருந்தார். மருந்து கடவுள் தந்தது, அதனைப் பயன்படுத்துங்கள் என்று கொள்ளைநோயைப் பற்றிய மடலில் லூதர் எழுதியதும் அக்காலத்தில்தான். நம்பிக்கையையும் மருத்துவத்தையும் அவர் எதிரெதிராக நிறுத்தவில்லை. இன்று மனநோய் என்றதும் மருத்துவரை நாடாமல் மறைக்கும் குடும்பங்கள் இதனைக் கருத வேண்டும்.

தம் மகனுக்குப் பாடம் சொல்லித் தந்த வெல்லர் என்னும் இளைஞர் மனச்சோர்வுற்றபோது, 1530இல் லூதர் அவருக்கு எழுதிய அறிவுரை எளிமையானது: தனிமையில் இராதே, மனிதரோடு பேசு, சிரி, விளையாடு, துயர எண்ணங்களோடு வாதாடிக் கொண்டிராதே. இசை துயரத்தை விரட்டும் என்பதும் அவருடைய உறுதியான நம்பிக்கை.

பதினான்கு நாள்கள்

1530 மே 29ஆம் நாள் ஹான்ஸ் மறைந்தார். கோபர்க் கோட்டையில் தங்கியிருந்த லூதருக்குச் சூன் 5ஆம் நாள் செய்தி எட்டியது. அவர் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தம் அறைக்குள் சென்று அழுதார். மறுநாள் தலைவலி வரும் அளவுக்கு அழுதார் என்று உடனிருந்தவர் எழுதியுள்ளார். ஒருகாலத்தில் அஞ்சி ஓடிய அதே தந்தைக்காகச் சிந்திய கண்ணீர் அது.

சரியாக 14 நாள்கள் கழித்து, சூன் 19ஆம் நாள், தம் தந்தையின் பெயரையே தாங்கிய நான்கு வயது மகன் ஹான்சுக்கு லூதர் ஒரு கடிதம் எழுதினார். அதில் ஓர் அழகிய தோட்டம் வருகிறது. பிள்ளைகள் மரத்தடியில் ஆப்பிளும் பேரியும் செர்ரியும் பொறுக்குகிறார்கள். பொன் கடிவாளம் பூட்டிய சிறு குதிரைகள் நிற்கின்றன. நன்றாகப் படித்து இறைவேண்டல் செய்தால் நீயும் நண்பர்களோடு அங்கே போகலாம் என்று தந்தை சொல்கிறார். இடி முழக்கத்தில் கடவுளைக் கண்டு நடுங்கியவர், தம் மகனுக்குக் கடவுளின் தோட்டத்தைக் காட்டினார். ஒரு தலைமுறையில் நிகழ்ந்த மாற்றம் இது!

லூதர் குறையற்றவர் அல்லர். 1543இல் யூதர்களுக்கு எதிராக அவர் எழுதியவை கொடுமையானவை. தந்தையாகவும் சில வேளைகளில் கண்டிப்பு மிகுந்தவராகவே இருந்தார். எனினும், தண்டிக்கும்போது பிரம்போடு ஆப்பிளும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தம் அனுபவத்திலிருந்து சொன்னார். தாம் படித்த காலத்துப் பள்ளிகளை நரகம் என்று 1524இல் சாடி, நல்ல பள்ளிகளை நிறுவுமாறு நகர மன்றங்களை வேண்டினார். மறையுரைப் பணி இல்லையேல் ஆசிரியப் பணியையே விரும்புவேன் என்று 1530இல் கூறினார். குடும்பத் தலைவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர 1529இல் எழுதிய சிறிய வினாவிடை நூலை, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழாக்கினார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் உள்ள சீயோன் லூத்தரன் தேவாலயத்தில் தமிழர்கள் வழிபடுவதும் அம்மரபின் தொடர்ச்சியே. அன்புள்ள பிள்ளைகள் அன்புள்ள தந்தையிடம் கேட்பது போல் கடவுளிடம் கேளுங்கள் என்பது அந்நூலின் இறைவேண்டல் விளக்கம். கடவுளைத் தந்தை என்று அழைக்க அஞ்சிய ஒருவர் எழுதியது அது.

எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் வகுப்பிலும் இவ்வரலாறு பொருந்தும். வகுப்பில் கேள்விக்கு விடை தெரியாமல் நிற்கும் பிள்ளை முதலில் நம் முகத்தைத்தான் பார்க்கிறது. வீட்டில் தேர்வுத்தாளை நீட்டும் பிள்ளையும் தந்தையின் முகத்தைத்தான் பார்க்கிறது. பின்னாளில் இருள் சூழும் நேரத்தில் அப்பிள்ளை யாரை அழைக்கும், அழைக்கத் துணியுமா என்பதை அம்முகங்களும் ஓரளவு முடிவு செய்கின்றன. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு ஸ்டாப்பிட்ஸ் கிடைப்பதில்லை. கிடைக்காத பிள்ளைகளுக்கு நாம் இருக்கிறோம்.

சிந்திப்போம்.