ஆள் கட்டிய காலமும் பேட்டி காணும் காலமும்



ஜொகூர் பாருவை அடுத்துள்ள தம்போயை நம்மில் பலர் அறிவோம். 1937ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையால் அந்த ஊர்ப்பெயர் தோட்டந்தோறும் பரவியது. கோபம் வந்தால் "உன்னைத் தம்போய்க்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று சொல்லும் பழக்கமும் நம்மிடையே இருந்தது. அது நல்ல பேச்சன்று. இன்று அந்த வட்டாரம் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் நிறைந்த இடம்.

சில ஆண்டுகளுக்கு முன் அங்குள்ள ஒரு தொழிற்சாலை வாசலில், தோட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்திக்குத் துணையாக நாம் நின்றோம். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். உள்ளே கூப்பிட்டபோது மணி ஒன்று. உட்காரச் சொல்லவில்லை. கேள்விகள் மூன்றுதாம்: வீடு எங்கே, அப்பா என்ன வேலை, கல்யாணம் எப்போது? சான்றிதழ்க் கோப்பை யாரும் திறக்கவில்லை. "பிறகு கூப்பிடுகிறோம்" என்றார்கள், கூப்பிடவில்லை. திரும்பும்போது பேருந்தில் அந்தப் பிள்ளை கேட்டாள்: "மூன்றில் எதற்கு நான் தப்பாகப் பதில் சொன்னேன்?"

நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

நம் முன்னோர் மலாயாவுக்கு வந்த முதல் வழி ஒப்பந்தக் கூலி முறை. பினாங்குக்கு எதிரேயுள்ள வெல்லஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு அப்படித்தான் ஆள் வந்தது. கப்பல் ஏறுமுன் அதிகாரி ஒருவர் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லி, "சம்மதமா?" என்று கேட்க வேண்டும் என்பது விதி. விதி நல்ல விதிதான். ஆனால் ஊரைவிட்டு வந்து, பிறர் போட்ட சோற்றை உண்டு, திரும்பிப் போகக் கையில் காசில்லாமல் வரிசையில் நிற்பவர் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? இந்த முறை 1910இல் கைவிடப்பட்டது.

அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. ரப்பர் தோட்டங்கள் பெருகப் பெருக, துரைமார் தங்கள் கங்காணியைச் சொந்த ஊருக்கே அனுப்பி ஆள் கட்டினர். செலவுக்கு 1907இல் குடியேற்ற நிதி ஒன்று ஏற்பட்டது. எல்லாத் தோட்டங்களும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஆட்களின் கப்பல் கட்டணம் அதிலிருந்து போயிற்று. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும், அதையொட்டி வந்த விதிகளும் கங்காணிக்குக் கடிவாளம் போட்டன. அவர் அதே தோட்டத்தில் வேலை செய்தவராக இருக்க வேண்டும். கையில் உரிமச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டைக் கிராம முன்சீப்பிடம் காட்ட வேண்டும். ஒரு சீட்டுக்கு இருபது பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆள் ஒன்றுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் தரகு கூடாது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் துரைக்கும் தொழிலாளிக்கும் முன்கூட்டிய சந்திப்பே இல்லை. துரை பார்த்தது கங்காணியை. கங்காணி பார்த்தது ஊரை. எந்த ஊர், எந்தத் தெரு, யாருடைய மகன், என்ன சாதி, குடும்பம் கூட வருமா என்பவைதாம் கேள்விகள். வயலில் வேலை செய்து பழகிய, எதிர்த்துப் பேசாத ஆட்களையே தோட்டங்கள் விரும்பின. ஆகவே நிலமற்ற, ஒடுக்கப்பட்ட மக்களின் சேரிகளையே கங்காணிகள் பெரிதும் நாடினர். குடும்பத்தோடு வந்தவர் எளிதில் ஓடிப் போக மாட்டார் என்பதும் கணக்கில் சேர்ந்தது.

அடுத்தது முகாம். நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் முகாம்கள் இருந்தன. வைத்தியர் பார்ப்பார், அம்மை குத்துவார்கள், கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பலின் பெயர் நம் வீடுகளில் இன்றும் வழங்குகிறது. இக்கரை சேர்ந்ததும் மறுபடியும் சோதனை. பினாங்கில் இறங்கியவர்களுக்கு ஜெரஜாக் தீவு; சிங்கப்பூரில் இறங்கியவர்களுக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவு. தோட்டத்துக்கு வந்த புதிய ஆட்களைப் பெரட்டுக் களத்தில் நிறுத்தி, துரை உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். காய்ப்பு இருந்தால் ஆள் தேறியது. அந்தக் கைக்குரியவரின் பெயரைக் கிராணி எழுதிக்கொள்வார், பெரும்பாலும் தவறாக. நம்மில் எத்தனையோ பேருடைய தாத்தா பெயர் அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் வீட்டில் வேறுவிதமாகவும் இருப்பது அந்தப் பேனாவின் வேலை.

1936இல் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். 1938இல் தினக்கூலி ஐம்பது காசிலிருந்து குறைக்கப்பட்டபோது, இந்திய அரசாங்கம் ஜூன் 15 முதல் உதவி பெற்று வரும் உடலுழைப்பாளர் குடிபெயர்வை நிறுத்தியது. கங்காணி ஆள் கட்டும் காலம் அத்துடன் முடிந்தது.

ஆனால் கேள்விகள் முடியவில்லை. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்ற நிலை 1969இல் வந்தது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர் எத்தனையோ பேர். முப்பது ஆண்டு பால் வெட்டியவரிடம் முதற்கேள்வி, "அட்டை என்ன நிறம்?" பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினர்.

எழுபதுகளில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகின. லயத்துப் பெண்கள் வேலைக்கு வந்தனர். சில தொழிற்சாலைகளில் கண்பார்வையைச் சோதித்தார்கள். நுண்ணிய கம்பிகளை உருப்பெருக்கி வழியே பார்த்து ஒட்டும் வேலையாதலால் அது நியாயமான சோதனையே. வேலைக்கு வேண்டியதைக் கேட்பது வேறு. ஆளைப் பற்றி வேண்டாததைக் கேட்பது வேறு. காய்ப்பைப் பார்த்த துரைகூட, ஒரு வகையில், வேலைக்கு வேண்டியதைத்தான் பார்த்தார். கல்யாணம் எப்போது என்று கேட்டவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1958ஆம் ஆண்டின் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை, வேலையில் காட்டும் பாகுபாட்டுடன் வேலை கிடைப்பதில் காட்டும் பாகுபாட்டையும் சேர்த்தே பேசுகிறது. நம் நாட்டில் 2009இல் தற்காலிக ஆசிரியர் நியமனம் பெற்ற ஒரு பெண், கர்ப்பிணி என்று தெரிந்ததும் நியமனத்தை இழந்தார். அவர் வழக்குத் தொடுத்தார். அது பாகுபாடே என்று 2011இல் சா ஆலம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, பாகுபாடு குறித்த தகராற்றைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கலாம். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராற்றை. பேட்டி அறையில் நிற்பவர் இன்னும் தொழிலாளி ஆகவில்லை. வாசற்படி ஓர் அடி வெளியே நின்றுவிட்டது.

படிக்குள்ளே சென்றவருக்கு வேறொரு பிடிமானம் உண்டு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று வேலைச் சட்டம் கூறுகிறது. சம்பளம், வேலை நேரம், ஓய்வு நாள், விலகல் அறிவிப்பு இவற்றைக் கேட்டு வாங்குவது துடுக்குத்தனம் அன்று.

அந்தப் பிள்ளையிடம் மறுவாரம் இதையெல்லாம் சொன்னோம். மூன்று பதிலும் சரியானவையே, கேள்விகள்தாம் பழையவை என்றோம். அவள் சிரிக்கவில்லை. "அடுத்த இடத்தில் அதே கேள்வியைக் கேட்டால்?" என்றாள். "எந்த வேலைக்காகக் கேட்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேள்" என்றோம். இரண்டு மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தில் அப்படியே கேட்டாளாம். எதிரே இருந்த அம்மாள் சற்று நேரம் அவளைப் பார்த்துவிட்டு, நாற்காலியைக் காட்டி, "கோப்பைக் கொடு" என்றாராம்.