ஏலமலையும் அதன் நிழன்மரங்களும்

சிவபெருமான் எழுந்தருளியுள்ள தலங்கள் பல, மரங்களின் பெயரானும் காடுகளின் பெயரானும் வழங்குதல் சைவ நன்மக்கள் அறிந்ததே. தில்லை செறிந்தமையால் சிதம்பரம் தில்லைவனமாயிற்று. கடம்பு செறிந்தமையால் மதுரை கடம்பவனமாயிற்று. திருஞானசம்பந்த சுவாமிகள் குற்றாலத்துக் குறும்பலாவுக்கெனத் தனிப் பதிகமே அருளினார். திருநாவுக்கரசு சுவாமிகள் அடைவு திருத்தாண்டகத்தில் தலங்களை வகைப்படுத்துங்கால், மலை, ஆறு என்பவற்றோடு காடு என்பதனையும் ஒரு வகையாக வைத்தருளினார். ஆயின், இன்று தில்லைமரக் காட்டினைக் காண விழைவார் சிதம்பர நகரை விடுத்துப் பிச்சாவரத்துக் கழிக்கரைக்குச் செல்லல் வேண்டும். மதுரைத் திருக்கோயிலினுள்ளோ கடம்பின் உலர்ந்த அடிமரமே போற்றப்பட்டு நிற்கின்றது. ஊர் பெருகக் காடு சுருங்கிற்று. காடு ஒரு மரமாகி மதிலினுட் புகுந்தது. தலமரத்தை வலம் வருவோர் பெரும்பாலும் இதனை நினைப்பதில்லை.

அத்தலங்களிற் காடு எவ்வாறு அழிந்ததென்பதற்குப் பழங்காலத்துக் கணக்கு இல்லை. பிற்காலத்தே அழிந்ததும், ஆண்டு குறித்துச் சொல்லத்தக்கதுமாகிய காடு ஒன்று உண்டு. அது தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் ஏலமலைக் காடாகும். அம்மலைக்கும் சிவபூசைக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. ஆசமனத்துக்குரிய திரவியங்களுள் ஏலத்தையும் பத்ததி நூல்கள் வைத்துள்ளன. திருக்கடவூரிற் குங்கிலியக்கலய நாயனார், நெல் கொள்ளுதற்கு மனைவியார் ஈந்த தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் கொண்டார் என்பது யாவரும் அறிந்த வரலாறு. குங்கிலியமாவது மரத்தின் பிசின். கருங்குங்கிலியமரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் ஓங்கி வளர்வதாகும்.

ஏலம் இஞ்சியின் இனத்தது. அதன் வேர் ஆழச் செல்லாது. மேல்மண்ணின் ஈரத்தையே நம்பி வாழும். வெயில் நேரே படின் இலை கருகும். முற்றும் இருண்ட நிழலிலோ காய்ப்புக் குன்றும். ஆதலின், உயர்ந்த மரங்களின் இடையே வடிந்து வரும் ஒளியும், அவற்றின் உதிர்ந்த இலை மக்கிய மண்ணும் அதற்கு இன்றியமையாதன. பண்டு அது காட்டிற் றானே விளைந்தது. மக்கள் சென்று கொய்து வந்தனர். தோட்டமாக வைத்த பின்னரும், கீழுள்ள புதர்களைக் களைந்து பெருமரங்களை விட்டுவைத்தலே முறையாயிருந்தது. சந்தனவேம்பு, அயினி, காட்டுப்பலா, நாவல் முதலியன அவ்வாறு நின்ற மரங்கள். பிறபயிர்க்குக் காட்டை வெட்டுவர். ஏலத்துக்கோ காட்டைக் காப்பர். அக்காப்பு அன்பினால் அன்று, ஆதாயத்தினால் நிகழ்ந்தது எனினும், காடு நின்றது.

திருவிதாங்கூர் அரசு 1897இல் ஏலமலைகளைக் காப்புக்காடாக அறிவித்தது. அவ்வறிவிப்பிற் கண்ட பரப்பு 15,720 ஏக்கரோ, 2,15,720 ஏக்கரோ என்பது வழக்காகி உச்சநீதிமன்றம் வரை சென்றுள்ளது. ஓர் இலக்கம் இருப்பதும் இல்லாததும் இரண்டு இலட்சம் ஏக்கர்க் காட்டின் நிலையை ஐயத்துக்குள்ளாக்கிற்று! ஏட்டில் ஓரெழுத்துப் பிழைப்பின் பொருள் கெடுமென்று மடங்களிற் பாடஞ் சொல்வோர் மாணாக்கரை எச்சரிப்பது வீண் அன்று. அன்றியும், அந்நிலம் வருவாய்த் துறையின்பாற்பட்டது, அதன்கண் நிற்கும் மரம் வனத்துறையின்பாற்பட்டது எனும் இரட்டை ஆட்சியும் அங்கே வேரூன்றியது. மண்ணையும் மரத்தையும் இருவருக்குப் பகுத்தளித்த பின், இரண்டையும் சேர்த்துக் காப்பவர் யார்?

மலையில் விளைந்தது போடியில் வந்து பொருளாயிற்று. மூணாற்றுத் தேயிலைக்கெனக் காடு பெரிதும் வெட்டப்பட்ட காலத்தில், உச்சி நிலையத்தினின்று கோட்டகுடிக்குக் கம்பிவடம் அமைத்துச் சரக்கினை இறக்கி, அங்கிருந்து போடிக்குக் கொண்டுவந்தனர். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைமேலிருந்த சிறு இருப்புப்பாதையை அழித்துவிட்டது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது. உலகப்போரின்போது பெயர்க்கப்பட்ட அப்பாதை பின்னர் மீள இடப்பட்டது. 2010ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்டு, 2023இல் மறுபடியும் போடியை அடைந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஏலமலை கேரளத்தினுள்ளும் போடி தமிழகத்தினுள்ளும் ஆயின. எனினும் வாணிகம் எல்லையைப் பொருட்படுத்தவில்லை. கூலியாட்கள் இன்றும் விடியலில் அடிவாரத்தினின்று மலையேறுகின்றனர். காய் போடிக்கு வருகின்றது. அங்கே ஏலம் ஏலத்தில் விற்கப்படுகின்றது. முன்னது செடியின் பெயர். பின்னது போர்த்துக்கேயர் வழி வந்த சொல்.

விலை ஏற ஏறக் காய் மிகுதி வேண்டப்பட்டது. மிகக் காய்க்கும் புதுவகைகள் பரவின. ஒளி வேண்டிக் கிளைகள் கழிக்கப்பட்டன. பட்டுப்போன முதுமரத்தின் இடத்தில் அதன் இனத்தை நடுவார் அரியர் ஆயினர். விரைந்து வளர்வதும் மிளகுக்கொடி ஏற்றத்தக்கதுமாகிய சில்வர் ஓக்கு எனும் ஆசுத்திரேலிய மரம் வரிசை வரிசையாக வந்தது. அதுவும் நிழல் தருவதே. ஆயின் பலவின மரங்கள் பலநிலையிற் கவிந்த காட்டின் நிழல் அதனால் அமையாது.

அடிவாரத்தில் நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. சங்கப் புலவர் தீக்கு ஒப்பிட்ட செம்பூவையுடைய இலவம் முள்ளிலவாகும். போடிச் சாரலில் இன்று பஞ்சுக்காகத் தோப்புத் தோப்பாக நிற்கும் இலவமோ பிறநாட்டினின்று வந்த வேறொரு மரம். பழம்பெயர் புதுமரத்தின்மேல் ஏறியதனாற் பழையது குறைந்ததைக் கண்டார் இலர். உரை எழுதுவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

இந்நூற்றாண்டிற் பாதைக்காகவும் மரங்கள் வீழ்ந்தன. போடிமெட்டிலிருந்து மூணாறு வரையுள்ள தேசிய நெடுஞ்சாலை 2017 முதல் அகலமாக்கப்பட்டு 2024 சனவரியில் திறக்கப்பட்டது. அவ்வாண்டுக் கோடையிலேயே மழை பொய்த்து வெப்பம் மிக, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் பெருவாரியாகக் கருகின. கடல்கடந்த குவாதமாலாவில் 1914ஆம் ஆண்டளவில் நட்ட ஏலம் இன்று உலகச் சந்தையில் முதலிடம் பெற்றிருக்க, அதன் பிறப்பிடமாகிய மலையில் உழவர் செடியைக் காக்கும் வழி தேடலாயினர். கோடைதோறும் அங்கே கழி நட்டுப் பச்சை வலை விரிக்கின்றனர். மரம் கைம்மாறின்றித் தந்த நிழலை, இன்று வலையாக விலைகொடுத்து வாங்குகின்றனர்.