தலைக்கு ஹென்னா, கைக்கு மருதாணி

ஒரே இலைக்கு இன்றைய தமிழ்ப் பேச்சில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. செடியிலிருந்து உருவி, கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அம்மியில் அரைத்து, விரல்நுனிகளுக்குத் தொப்பி வைத்தால் அது மருதாணி. கல்யாணப் பெண்ணின் முழங்கை வரை கோனிலிருந்து கொடி கொடியாக இறங்கினால் மெஹந்தி. பொட்டலத்தைப் பிரித்து, கொட்டிக் குழைத்து, நரைத்த தலையில் அப்பினால் ஹென்னா. கூடவே வினைச்சொல்லும் மாறிவிடுகிறது. பூவையும் பொட்டையும் வைப்பதுபோல மருதாணியை வைக்கிறோம். மெஹந்தியையும் ஹென்னாவையும் போடுகிறோம். கடையில் வாங்கும் ரசாயனச் சாயத்தை மட்டும் ‘டை அடிக்கிறேன்’ என்கிறோம். சுவருக்கு வெள்ளை அடிக்கும் அதே அடிப்பு.

இந்த மூன்றில் நமக்கு மூத்த பெயர் மருதாணி. அதற்கும் மூத்தது மருதோன்றி. அகராதிகளும் சித்த மருத்துவ நூல்களும் மருதோன்றி என்றே தலைப்பிடுகின்றன. இலங்கைத் தமிழர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். மருதோன்றி மருதாணியான வழியைப் பேச்சுத் தமிழே காட்டிவிடுகிறது. ஒன்று ‘ஒண்ணு’ ஆகிறது, கன்று ‘கண்ணு’ ஆகிறது, தோன்றுகிறது என்பது ‘தோணுது’ ஆகிறது. அதே நடையில் மருதோன்றி மருதோணியாகி, ஓகாரம் ஆகாரமாகத் திரிந்து மருதாணி.

முதற்பாதியான ‘மரு’தான் சிக்கல். மரு என்றால் மணம். மருக்கொழுந்தில் இருப்பது அந்த மருதான். மருதாணிப் பூவின் வாசம் அறிந்தவர்கள் இந்தப் பொருளை எளிதில் ஒப்புவார்கள். தூக்கம் வராதவர்களின் தலையணைக்கு அடியில் அந்தப் பூங்கொத்தை வைக்கும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. தோன்றி என்பது பழந்தமிழில் சிவந்த காந்தள் வகைப் பூவின் பெயராகவும் வருவதால், மணமுள்ள தோன்றி என்று முழுப் பெயரையும் பூக்களுக்குள்ளேயே முடித்துவிடலாம். ஆனால் வல்லின றகரம் இட்டு ‘மறுதோன்றி’ என்று எழுதும் வழக்கமும் உண்டு. மறு என்றால் கறை, தழும்பு. மறு தோன்றச் செய்வது மறுதோன்றி. என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது. நம் வீடுகளில் இந்தச் செடியை வளர்த்தவர்கள் பூவுக்காக வளர்க்கவில்லை. பச்சை இலைக்குள் ஒளிந்திருந்து கையில் வந்த பிறகு தோன்றும் அந்தச் சிவப்புக்காகத்தான் வளர்த்தார்கள். எழுத்து வழக்கில் இடையின ரகரமே நிலைத்துவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஐவணம், அழவணம் என்ற பெயர்களும் அகராதியில் உண்டு. மலைநெல்லைக் குறிக்கும் ஐவனம் வேறு. அதில் வருவது றன்னகரம். குமரிப் பக்கம் போனால் மலையாளத்தோடு சேர்ந்து மயிலாஞ்சி ஆகிவிடும். தெலுங்கில் கோரிண்டாக்கு. அந்தப் பெயரின் முன்னால் நிற்கும் ‘கோரு’ என்பது நகம். வடமொழியிலும் நகரஞ்சனி, நகத்துக்கு நிறமூட்டுவது, என்றொரு பெயர் இதற்கு உண்டு.

நகத்தைப் பிடித்துக்கொண்ட இந்தப் பெயர்கள், தலையில் நடப்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டன. நகமும் முடியும் கெரட்டின் என்ற ஒரே புரதத்தால் ஆனவை. மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற செஞ்சாயப் பொருள் அந்தப் புரதத்தோடு வேதிப் பிணைப்பில் சேர்ந்துவிடுகிறது. உள்ளங்கைச் சிவப்பு இரண்டு வாரத்தில் தோலோடு உதிர்ந்துபோகும். நகத்தில் ஏறியது நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரை போகாது. முடியும் அப்படித்தான். மருதாணி ஏறிய முடி வெளுப்பதில்லை. வேரிலிருந்து புதிதாக வளர்வதுதான் வெள்ளையாகத் தெரிகிறது.

லாசோன் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1753-ல் லின்னேயஸ் இந்தச் செடிக்கு லாசோனியா இனெர்மிஸ் என்று பெயரிட்டார். 1735-ல் அவருடைய முதல் பெருநூல் அச்சேறப் பணம் கொடுத்து உதவியவர்களில் ஒருவர் ஐசக் லாசன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். அவர் பெயர் செடிக்குப் போய், செடியிலிருந்து சாயத்துக்கும் வந்தது. இனெர்மிஸ் என்றால் முள் இல்லாதது. இளஞ்செடியைப் பார்த்து வைத்த பெயர் அது. முதிர்ந்த செடியின் கிளைநுனிகள் முள்ளாகக் கூர்ந்துவிடும். வேலியோர மருதாணியில் இலை உருவிக் கை கிழிந்தவர்களுக்குத் தெரியும். முள்ளுள்ளதை லின்னேயஸ் வேறு இனமாகவே கணக்கில் எழுதினார்.

இந்த இலை தலைக்கு ஏறுவது நரையை மறைக்கத்தான். ஆனால் நம் கவிதையில் நரை மறைக்கப்பட வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. இளம் கரிகாலன் நரைமுடி அணிந்து முதியவனாக வந்து வழக்குத் தீர்த்தான் என்று ஒரு கதை. ஆண்டு பல ஆகியும் தனக்கு நரை வராத காரணத்தைப் பிசிராந்தையார் விளக்கும் பாட்டு புறநானூற்றில் 191ஆவது. நல்ல மனைவி மக்கள், நல்ல அரசன், நல்ல ஊர் என்று போகிறது அந்தக் காரணம், இலையோ தைலமோ அதில் இல்லை.

நரைக்கு இந்த இலையை இடும் வழக்கம் மேற்கே மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் டயஸ்கோரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர், கைப்ரோஸ் என்று கிரேக்கர்கள் அழைத்த இந்த இலை முடியைச் சிவக்கச் செய்யும் என்று எழுதிவைத்தார். அரபு நாட்டில் இதன் பெயர் ஹின்னா. நரையை மாற்ற ஹின்னாவும் கதம் என்ற மற்றொரு செடியும் சிறந்தவை என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் தொகுப்புகளில் உண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெரியவர்கள் தாடியைச் செம்பட்டையாகச் சிவக்க வைத்திருப்பதன் பின்னால் இருப்பது இந்த வழக்கம். அந்த ஹின்னாதான் ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், ஆங்கிலத்தில் ஏறி, அழகு நிலையங்களின் வழியாக ஹென்னாவாக நம்மிடம் வந்தது. மெஹந்தி வடக்கிலிருந்து வந்தது, சமஸ்கிருதத்தில் மெந்திகா. இன்று நம் கடைகளில் கிடைக்கும் பொடியில் பெரும்பகுதி ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துச் சோஜத் பக்கம் விளைவது. சோஜத் மெஹந்திக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வீட்டில் தலைக்குப் போடுபவர்களின் கைமுறைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தெளிவான காரணம் இருக்கிறது. லாசோன் இலையில் சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கிறது. ஈரமும் இளஞ்சூடும் மெல்லிய புளிப்பும் அந்தக் கட்டை அவிழ்க்கும். எலுமிச்சைச் சாறோ தேயிலை டிகாக்ஷனோ விட்டு முதல்நாள் இரவே கரைத்து வைப்பது இதற்காகத்தான். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சாயம் கெடும். கை பொறுக்கும் சூடு போதும். இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் கலவை கறுக்கும். தேயிலையிலும் நெல்லிக்காய்ப் பொடியிலும் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து தரும் கறுப்பு அது. வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மணை கறுப்பதும் இதே வினை. தயிரும் முட்டையும் முடியை மென்மையாக்கலாம், சாயம் பிடிக்க அவை உதவா. முட்டையின் புரதத்தையும் லாசோன் போய்ப் பிடித்துக்கொள்ளும் என்பதால் நரைக்காகப் போடுபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

கழுத்தளவு முடிக்கு 100 கிராம் பொடி தாராளமாகப் போதும். முதலில் எண்ணெய்ப் பசை போகத் தலையை அலசிக் காயவிட வேண்டும். எண்ணெய் இருந்தால் சாயம் ஏறாது. தடவிய பிறகு காய்ந்து உதிர விடாமல் பிளாஸ்டிக் உறையால் மூடி, இரண்டு மூன்று மணி நேரம் இருக்க வேண்டும். வெறும் தண்ணீரில் அலசினால் போதும். ஷாம்பு மறுநாளுக்கு மேல். சளித் தொல்லை உள்ளவர்கள் வெயில் ஏறிய முற்பகலில் வைத்துக்கொள்ளும் பழக்கம் கைவிடக் கூடாத ஒன்று. ஈரப் பற்றோடு அத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை.

அலசியதும் நரைத்த இழைகள் செம்பட்டையாகப் பளிச்சிடும். முதன்முறை போடுபவர்கள் இங்கேதான் பதறிப்போகிறார்கள். இரண்டு நாள் காற்றுப் பட்டால் அது செம்பழுப்பாக அடங்கும். கறுப்பு மட்டும் வராது. மருதாணிக்குக் கறுப்பு தரத் தெரியாது. அதன் பெயர்களில் எதிலும் கறுப்பு இல்லை.

அப்படியானால் ‘பிளாக் ஹென்னா’ என்று பொட்டலங்களில் அச்சாகி வருவது என்ன? இலையிலிருந்து சொல் கழன்று போன இடம் இது. அரைமணி நேரத்தில் கறுக்க வைக்கும் அந்தப் பொட்டலங்களில் பெரும்பாலும் வேலை செய்வது பாரா-ஃபெனிலீன்-டையமின் என்ற செயற்கைப் பொருள், சுருக்கமாகப் பிபிடி. டை பாட்டில்களில் இருப்பதும் அதுவே. ஐரோப்பிய ஒன்றியம் முடிச்சாயத்தில் 2 சதவீதத்துக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் தோலில் பூச அதற்கு அனுமதியே கிடையாது. 2006-ல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் அதை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நெற்றியும் காதும் தடித்து, கண் மூடும் அளவுக்கு முகம் வீங்கிவிடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுதும் அது விடாது. டை வேண்டாம், இலைதான் நல்லது என்று தேடிப் போகிறவர்களிடம் அதே டையை இலையின் பெயரில் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பெயரை நம்பி வாங்குகிற பொருள் இது. அந்தப் பெயருக்கு உண்மையாக இருக்கும் கடமை விற்பவருக்கு உண்டு. வாங்கும்போது முன்பக்கத்தை விட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். லாசோனியா இனெர்மிஸ் என்பதோடு அந்தப் பட்டியல் முடிந்துவிட வேண்டும்.

இலையாலேயே கறுப்பு வேண்டுமென்றால் அதற்கு வேறொரு செடி இருக்கிறது, அதற்குத் தமிழில் சொந்தப் பெயரும் இருக்கிறது. அவுரி. நீலி என்றும் சொல்வார்கள். திண்டிவனம் சுற்று வட்டாரத்தில் இன்றும் அவுரி பயிராகி நீலச்சாயம் எடுக்கப்படுகிறது. நரைமுடியில் அவுரி தனியாகச் சரியாகப் பிடிக்காது. முதலில் மருதாணி, அலசிய பிறகு அதன்மேல் அவுரி. செம்மைமேல் நீலம் படிந்து கறுப்பாகத் தெரியும். மருதாணிக்குச் செய்ததை எல்லாம் இங்கே மாற்றிச் செய்ய வேண்டும். புளிப்புக் கூடாது, இரவு முழுக்க ஊறக் கூடாது. வெந்நீரில் கரைத்துக் கால்மணி நேரத்துக்குள் தலையில் ஏறிவிட வேண்டும். வைத்திருந்தால் சாயம் சட்டியிலேயே தீர்ந்துபோகும். ஒன்று இரண்டு மணி நேரம் கழித்து அலசினால் முதலில் பச்சை கலந்த நிறமாகத் தெரியும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டுத்தான் அவுரி நீலமாகும் என்பதால் முழுக் கறுப்புக்கு ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டும். இலை என்பதற்காக முன்சோதனையை விட்டுவிடக் கூடாது. காதுக்குப் பின்னால் சிறிது தடவி, 48 மணி நேரம் பார்த்துவிட்டுத் தலைக்குப் போகலாம். அடுத்த மாதம் வேரில் வெள்ளை எட்டிப் பார்க்கும்போது முழுத் தலைக்கும் அப்பத் தேவையில்லை; புதிதாக வளர்ந்த அந்த அரை அங்குலத்துக்கு மட்டும் வைத்தால் போதும்.