காற்றிலிருந்து குடிநீர்

நிலத்தை அகழ்ந்து நீர் பெறுதலும், வானத்து மழையை ஏந்திச் சேமித்தலும் மாந்தர் மிகப் பழைய காலத்திலேயே கற்றுக்கொண்ட தொழில்கள். இவ்விரண்டும் கைகொடாத இடங்களிலே மூன்றாவது வழியொன்று உண்டோ என்னும் வினா எழுந்தது. காற்றிலே கண்ணுக்குப் புலனாகாத நீராவி கலந்திருக்கின்றது. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே முத்துமுத்தாக அரும்பும் துளிகள் அந்த நீராவியின் மாற்றுருவமேயாம். அதனைப் பெருமளவில் ஒடுக்கிக் குடிநீராக்கும் கருவி யாது? இவ்வினாவுக்கு விடைகாண முயன்றோரின் வரலாறு தோல்விகள் மலிந்தது. ஆயினும், எத்தகைய கருவியைத் தெரிதல் வேண்டும் என்பதை உலகுக்குக் கற்பித்தவை அத்தோல்விகளே.

1900 ஆம் ஆண்டிலே, கருங்கடலை அடுத்த கிரிமியாவில், பியோதோசியா நகரின் அயலிலுள்ள குன்றுகளிற் பணிபுரிந்த சிபோல்ட் என்னும் வன அதிகாரியின் கண்ணிற் பதின்மூன்று பெருங் கற்குவியல்கள் பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 900 சதுர மீற்றர் நிலத்தை அடைத்து, 10 மீற்றர் அளவுக்கு உயர்ந்து நின்றது. அயலிலே சுட்டமண் குழாய்களின் துண்டுகளும் கிடந்தன. பண்டைக் கிரேக்கர் குடியேறி வாழ்ந்த நகரம் அது. கற்குவியல்களையும் குழாய்களையும் இணைத்து நோக்கிய சிபோல்ட், காற்றிலிருந்து நீர் பெறுதற்குக் கிரேக்கர் அமைத்த சாதனங்களே அவை என்று முடிவுகட்டினார். குவியலொன்று நாளொன்றுக்கு 55,000 லீற்றருக்கு மேல் நீர் தந்திருக்கும் என்பது அவர் கணக்கு.

கணக்கோடு அவர் நின்றாரல்லர். டெப்பே-ஓபா என்னும் மலையிலே, கடற்கரைக் கற்களைக் கொண்டு 6 மீற்றர் உயரமான கூம்பொன்றைத் தாமே கட்டுவித்தார். 1912 இல் வேலை நிறைவுற்றது. நாளொன்றுக்கு 360 லீற்றர் வரை நீர் கிடைத்ததாகக் கூறப்படுகின்றது. அடித்தளத்தில் ஏற்பட்ட கசிவினால் 1915 இல் முயற்சி கைவிடப்பட்டது. பின்னாளில் ஆராய்ந்த தொல்லியலாளர், பழைய குவியல்கள் இறந்தோரைப் புதைத்த மேடுகளேயன்றி நீர்தரும் சாதனங்கள் அல்ல என்று கண்டனர். குழாய்களுக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இருக்கவில்லை.

எனினும், சிபோல்டின் செய்தி மேற்கே பரவிற்று. தென் பிரான்சின் மொன்பெலியே நகரில் லெயோன் சப்தால் என்பார் 1929 இல் கொங்கிறீற்றினாற் கூம்பகம் ஒன்றை அமைத்து, அதனுள்ளே சுண்ணக்கற்களை நிரப்பினார். மிகச் சிறந்த நாளிற் கிடைத்தது 2.5 லீற்றர். அதே நாட்டின் திரான்-சோன்-புரோவான்சு என்னும் ஊரில், பெல்ஜியப் பொறியியலாளர் அஷீல் க்னாப்பென் 1930 இலும் 1931 இலும் 14 மீற்றர் உயரமான தடித்த சுவருடைய கோபுரமொன்றை எழுப்பினார். நாடோறும் பல்லாயிரம் லீற்றர் நீரை அவர் எதிர்பார்த்தார். சிறந்ததோர் இரவிற் கிடைத்தது சிறு வாளியளவு நீரே. நீர் தராத அக்கோபுரம் இன்றும் அங்கே நிற்கின்றது.

ஊக்கமும் பொருளும் குறைவின்றி இருந்தும் இம்முயற்சிகள் பொய்த்தமைக்குக் காரணம் யாது? அக்காரணம் நூறாண்டுகளுக்கு முன்னரே வெளிவந்திருந்தது. இலண்டன் மருத்துவர் வில்லியம் சாள்ஸ் வெல்ஸ், பனித்துளி பற்றிய தமது நூலை 1814 இல் வெளியிட்டார். நிறுத்த கம்பளி நூற் பொதிகளை இரவிலே பலகையொன்றின் மேலும் கீழும் வைத்து, காலையில் மீண்டும் நிறுத்துப் பார்த்தார் அவர். வானை நோக்கியிருந்த பொதியே கூடிய நீரை ஏற்றிருந்தது. தெளிந்த வானை நோக்கி வெப்பத்தை வீசியிழக்கும் பொருள், சூழ்ந்துள்ள காற்றிலும் குளிர்ந்துவிடுகின்றது. அவ்வாறு குளிர்ந்த பொருளின் மீதே பனி படிகின்றது என்பது அவர் கண்ட உண்மை.

புல்லின் இதழ் மெல்லியது. ஆகவே விரைவிற் குளிரும். பெருங் கற்குவியலோ பகல் வெப்பத்தைத் தன்னுள்ளே பொதிந்துவைத்து, விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். மேலும், நீராவி நீராகும்போது மறைவெப்பத்தை வெளிவிடும். ஒரு லீற்றர் நீருக்கு அவ்வெப்பம் ஏறத்தாழ 2,450 கிலோயூல். இதனை வானம் ஓரிரவில் ஏற்கும் அளவுக்கு எல்லையுண்டு. ஆகவே ஒரு சதுர மீற்றர் பரப்பிற் பெறத்தக்க பனிநீர் ஓரிரவில் ஒரு லீற்றரையும் எட்டாது. இவ்வளவையைக் கைக்கொண்டிருந்தால், 900 சதுர மீற்றர்க் குவியலிலே 55,000 லீற்றரை எதிர்பார்த்தல் எத்துணைப் பிழையென்பது ஒரு கல்லையேனும் எடுத்துவைக்குமுன் புலப்பட்டிருக்கும்.

வானம் ஏற்காத வெப்பத்தை மின்சக்தியால் அகற்றுவதே இன்றைய யந்திரங்களின் முறை. குளிரேற்றியில் உள்ளது போன்ற குளிர்ந்த குழாய்களின் மீது விசிறி காற்றைச் செலுத்த, நீராவி ஒடுங்கித் துளியாகச் சொட்டும். அது வடிகட்டித் தூய்மையாக்கப்படும். 30 பாகை வெப்பநிலையில் நிரம்பிய ஈரமுடைய ஒரு கன மீற்றர்க் காற்றில் 30 கிராம் நீர் உண்டு. 10 பாகையில் அது 10 கிராமுக்கும் குறைவு. எனவே வெப்பமும் ஈரமும் மிக்க கரையோரங்களில் தாராளமாக நீர் சுரக்கும் யந்திரம், குளிர்ந்த வறண்ட நாட்டில் ஏறக்குறைய வாளாவிருக்கும். விற்போர் குறிக்கும் நாளளவு பெரும்பாலும் ஈரம் மிக்க நிலையிற் கணித்ததே. செலவும் பெரிது. கடல்நீரைச் சவ்வினால் வடித்து நன்னீராக்குதற்கு வேண்டும் மின்சாரத்தினும், அதே அளவு நீரைக் காற்றிலிருந்து பெறுதற்கு ஏறத்தாழ நூறு மடங்கு மின்சாரம் வேண்டும்.

மின்சாரமே வேண்டாத வழியொன்றைச் சிலி நாடு காட்டிற்று. மூடுபனியில் நீர் ஏற்கெனவே துளியாயிருத்தலின், ஒடுக்க வேண்டுவதில்லை, ஏந்தினாற் போதும். எல் தோபோ மலையிலே 1987 முதல் வலைகள் கட்டப்பட்டன. 1992 இல் அந்நீர் குழாய்வழியாகச் சுங்குங்கோ என்னும் மீனவர் கிராமத்தை அடைந்தது. சராசரியாக நாளொன்றுக்கு 15,000 லீற்றர் கிடைத்தது. ஆயினும் பத்தாண்டளவிற் பராமரிப்புக் குன்றவே, அவ்வமைப்புச் சீர்குலைந்தது. கருவி நன்றாயினும் அதனைப் பேணுவோர் இன்றேல் நீரில்லை.

வறண்ட காற்றிலிருந்தும் நீர் பெறும் முயற்சி அண்மையிலே பயன்தந்தது. யோர்தானின் அம்மான் நகரிலே, பலத்தீன அகதிக் குடும்பத்தில் 1965 இற் பிறந்தவர் ஓமர் யாகி. பல நாட்களுக்கு ஒருமுறை சில மணிநேரமே குழாயில் நீர் வரும் இல்லத்தில் அவர் வளர்ந்தார். உலோக அயன்களையும் சேதன மூலக்கூறுகளையும் பின்னி, நுண்துளைகள் நிறைந்த சட்டகங்களை உருவாக்கினார். இத்தகைய பொருள் இரவிலே நீராவியை உள்வாங்கும். பகலிலே வெயிலின் சூட்டால் அதனை விடுவிக்கும். 20 சதவீத ஈரப்பதனிலும் அது தொழிற்படும் என்பதை அவரும் எவலின் வாங் என்னும் அம்மையாரும் தத்தம் குழுவினரோடு 2017 இல் எடுத்துக்காட்டினர். இத்துறைக்காக 2025 ஆம் ஆண்டின் இரசாயன நோபெற் பரிசு, கிற்றகாவா, றொப்சன் ஆகியோருடன் அவருக்கும் வழங்கப்பட்டது.

ஆகவே, இத்தகைய கருவியைத் தெரிவோர் அதன் தோற்றத்தையோ பருமனையோ நோக்குதல் போதாது. ஆண்டின் மிக வறண்ட திங்களிற் காற்றில் எவ்வளவு நீர் உண்டு, ஒடுங்கும்போது எழும் வெப்பத்தை அகற்றுவது எது, அதற்கு ஆகும் செலவு யாது, பழுதுற்றாற் சீர்செய்வார் யார், அண்மையிலுள்ள கிணறோ மழைநீர்த் தொட்டியோ இதனினும் மலிவாகாதோ என்னும் வினாக்களை முன்னரே எழுப்புதல் வேண்டும். தாகத்தால் வாடும் ஊருக்கு, பிழையாகத் தெரிந்த கருவி பொருளிழப்போடு நில்லாது, நீரில்லாத இன்னும் சில ஆண்டுகளையும் சுமத்திவிடும்.